அருள்நாதன் அனுப்பிய பி.டி.எஃப்

பாலக்கரை வீட்டைக் காலி செய்து கே.கே. நகர் ஃபிளாட்டுக்குக் குடிபோக இன்னும் பத்தே நாள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குப் போய்விட்டு வந்ததும் வராததுமாக அருள்நாதன் கூடத்தின் நடுவில் நின்று பிரகடனம் செய்தார்.

"வேண்டாத சாமான் ஒண்ணுகூட புது வீட்டுப் படி ஏறக் கூடாது. எல்லாத்தையும் இலவசமா கொடுத்துடறோம்!"

வேண்டாத சாமான் என்று அவர் மனசில் வைத்திருந்தது மனைவி அமலராணியின் சாமான்களை. ஓடாத கிரைண்டர், மூடி இல்லாத குக்கர்கள், குக்கர் இல்லாத மூடிகள், சீதனமாக வந்து இன்றுவரை தண்ணீரையே பார்க்காத அண்டா. பெரிய சண்டை வரும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சரிங்க" என்றாள் அமலராணி.

இருபத்தெட்டு வருஷத்தில் அவள் இவ்வளவு சுருக்கமாகப் பேசியதே இல்லை. அருள்நாதனுக்குக் குழப்பம் அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

மத்தியானத்துக்குள் லேப்டாப்பில் அவளே எக்செல் பட்டியல் தயாரித்துவிட்டாள். சாமானின் பெயர், பக்கத்தில் போட்டோ. மொத்தம் பதினாலு. ஒவ்வொன்றாகப் படித்தார். பதினாலும் அவளுடையவை! நெஞ்சு குளிர்ந்தது.

"இதை பி.டி.எஃப் ஆக்கி, நம்ம கோயில் அன்பியக் குடும்பங்களோட வாட்ஸ்அப் குரூப்புல போட்டுடுங்க. ஆபீஸ்ல நீங்கதானே எக்செல் புலி?"

புலி ஒரு தட்டுத் தட்டியது. பி.டி.எஃப் வந்தது. அமலராணி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"என்னங்க இது, மழையில நனைஞ்ச மலைக்கோட்டையா?"

"அண்டா."

"பாதிதான் இருக்கு?"

"மீதி அடுத்த பக்கத்துல இருக்கு."

"செல்லுல தெளிவாத்தானே இருந்துச்சு?"

"நீ சொல்றது செல்போன். இது எக்செல்லோட செல். கட்டம்."

"கட்டமே சரியில்லைன்னு சொல்லுங்க."

எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் அடக்கிப் பார்த்தார். பதினாலு சாமானும் தபால்தலை ஆயின. பெரிதாக்கினார். தபால்தலைகள் சாம்பார்க் கறை ஆயின. "எக்செல்னு பேரு வச்சிருக்கான், ஒண்ணும் செல்ல மாட்டேங்குது" என்று புலம்பிக்கொண்டே ஆபீஸ் ஆரிஃபுக்கு போன் போட்டார்.

"அண்ணே, சேமிக்கறப்பவே அது படத்தை அமுக்கிடும்" என்றான் ஆரிஃப். "ஆப்ஷன்ஸ்ல போய், படங்களை அமுக்காதேன்னு இருக்கும், அதுல டிக் போடுங்க. ஆனா ஏற்கெனவே அமுங்கினது நிமிராது. எல்லாப் படத்தையும் எடுத்துட்டு ஒரிஜினலை மறுபடி போடணும்."

டிக் போட்டார். பதினாலு படத்தையும் மறுபடி போட வேண்டும் என்று நினைத்ததுமே கொட்டாவி வந்தது.

"நான் போட்டுத் தரேன். நீங்க கொஞ்சம் கண்ணை மூடுங்க" என்றாள் அமலராணி. அந்தக் கரிசனமும் அவருக்குப் புதிது. குழம்பிக்கொண்டே தன் சாய்வு நாற்காலியில் தூங்கிப்போனார்.

நாலு மணிக்கு எழுந்து மறுபடி தட்டினார். முதல் படம் கிரைண்டர். நானூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கினார். கல்லின் மேல் ஒரு எறும்பு.

"ராணி! எறும்புக்கு மீசை தெரியுது, ராணி!"

அந்த மீசை தந்த பூரிப்பில் பி.டி.எஃப்பை அப்படியே குரூப்பில் போட்டார். "அத்தனையும் இலவசம். முதலில் வருபவருக்கே. இப்படிக்கு அருள்நாதன்."

அரை மணியில் மணி அடித்தது. எதிர்த்தெரு இருதயமேரி.

"கேரம் போர்டை எடுத்துக்கறேண்ணே. ரெண்டாம் பக்கத்துல என்னமா மின்னுது!"

கேரம் போர்டா? அது அவருடையதாயிற்றே! அவர் வாயைத் திறப்பதற்குள் போர்டு தெருவில் போய்க்கொண்டிருந்தது. அடுத்து, ஃபார்வர்டு ஆகி வந்ததைப் பார்த்துவிட்டுத் திருவானைக்காவலிலிருந்து பரக்கத் அலி.

"ரெண்டு பெட்டி கேசட்டுங்க சார். மூணாம் பக்கம்."

"அது கொடுக்கறதுக்கு இல்லீங்க..."

"உங்க பேர்தானே சார் போட்டிருக்கு?"

அவருடைய பேர்தான். பெட்டிகள் போயின. அருள்நாதன் அடுக்களைக்கு ஓடினார்.

"என்ன ராணி இது?"

"மறுபடி போடறப்ப விட்டுப்போனதையும் சேர்த்துட்டேன். அனுப்பறதுக்கு முன்னாடி நீங்க பார்த்தீங்களே?"

"எறும்பு வரைக்கும் பார்த்தேன்."

"மொத்தம் நாலு பக்கங்க."

"அப்ப உன் கிரைண்டரு? அண்டா?"

"அதுக்கெல்லாம் நேரா 'கொடுத்தாச்சு'ன்னு போட்டுட்டேன். கீழே பொடி எழுத்துல இருக்கும். பெருசு பண்ணிப் பாருங்க."

மறுபடி மணி. ஸ்ரீரங்கத்திலிருந்து வந்திருந்த ஜாஹ்னவி டீச்சர், கையில் போனோடு தயங்கி நின்றாள். நாலாம் பக்கம். சாய்வு நாற்காலி. அதில் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார் அருள்நாதன். பனியனிலுள்ள ஓட்டைகளை எண்ணிவிடலாம், அவ்வளவு தெளிவு.

டீச்சர் போனைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். "மேடம், இதுல இருக்கறவர்..."

"நாற்காலியை எடுத்துட்டுப் போங்கம்மா" என்றாள் அமலராணி. "அவரைத்தான் இதுவரைக்கும் யாரும் கேக்கல."