எச் என்றால் ஹில், எல் என்றால் லெவல்

எனக்குத் தெரியாதது என்று உலகத்தில் ஒன்று இருப்பதை, அறுபது வயதுக்கு மேல்தான் கண்டுபிடித்தேன். அதையும் நானாகக் கண்டுபிடிக்கவில்லை. நல்லேப்பிள்ளியிலிருந்து ஒரு அம்மா கிளம்பி வந்து காட்டிக்கொடுத்தார்.

அதற்கு முன் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். (சொல்லாவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது.) என் பெயர் சுடலைமுத்து. எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் டீச்சர் வரமாட்டார், மீதி நாள் நான் போகமாட்டேன். ஏலக்காய் மூட்டையைத் தலையில் சுமந்து தொடங்கியவன், இன்று கம்பம்மெட்டில் சொந்தக் கடை, மலைச்சரிவில் சொந்த ஏலத்தோட்டம், தோட்டத்துக்கு நடுவில் மாடி வீடு என்று நிற்கிறேன். என் கடையில் கணக்கு எழுதுகிற இரண்டு பேரும் டிகிரி படித்தவர்கள். நான் நின்றால் அவர்களும் எழுந்து நிற்பார்கள்.

வீட்டுக்குப் போகிற வழி மண்பாதை. ஆகவே ஃபோர் வீல் பிக்கப் வாங்கினேன். நாலு கதவு, பின்னால் சரக்குத் தொட்டி. ஷோரூம் பையன் சாவியைத் தந்துவிட்டு, கியர் பக்கத்தில் இருந்த ஒரு திருகைக் காட்டி, "சார், இதை எப்போ எப்படிப் போடணும்னா..." என்று ஆரம்பித்தான். கையைக் காட்டி நிறுத்தினேன்.

"தம்பி, நீ பொறக்கும் முன்ன இருந்து ஜீப்புல போறவன் நான்."

(போனது உண்மை. பின்னால், மூட்டைகளுக்கு மேலே உட்கார்ந்து.)

அந்தத் திருகில் மூன்று குறி இருந்தது. 2H, 4H, 4L. எஸ்டேட்டில் வளர்ந்தவனுக்கு இதைப் படிக்க டிகிரி வேண்டுமா? துரை பங்களா இருந்த மேட்டை நாங்கள் 'ஹில்' என்போம். ஃபேக்டரி இருந்த மட்டமான இடத்துக்குப் பெயரே 'லெவல்'. ஆக, எச் என்றால் ஹில், எல் என்றால் லெவல். இரண்டு சக்கர ஹில் என்பது சின்ன மலைக்கு. நாலு சக்கர ஹில் பெரிய மலைக்கு. நாலு சக்கர லெவல் என்பது மட்டமான ரோட்டில் ராஜா மாதிரிப் பறப்பதற்கு. எங்கள் பக்கம் மட்டமான ரோடு அநேகமாகக் கிடையாது என்பதால், அந்தக் கடைசிக் குறியை நல்ல நாளுக்கென்று தொடாமல் வைத்திருந்தேன்.

நல்ல நாள் வந்தது. என் மகள் கவிதா கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறாள். கூட வேலை பார்க்கிற பையனை அவளுக்குப் பிடித்துவிட்டது. பையனின் ஊர் சமவெளியில் இருக்கிற நல்லேப்பிள்ளி, நெல் விவசாயக் குடும்பம். அவனுடைய அம்மாவுக்கு மலை என்றாலே பயம். பெண் வீட்டுக்குப் போய்வருகிற வழி எப்படி என்று நேரில் பார்த்துவிட்டுத்தான் சரி என்பேன் என்று சொல்லிவிட்டாராம்.

கவிதா முதல் நாளே என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா, ஒரே ஒரு நாள் பெருமை பேசாம இருங்க. மெதுவாக் கூட்டிட்டு வாங்க. அவங்க வேண்டாம்னுட்டா இவரு மீற மாட்டாரு."

"ஏட்டி, அப்பன் வண்டியில ஏறினவங்க வேண்டாம்னு சொல்லுவாங்களா?" என்றேன். அவள் முகத்தில் தெளிவு இல்லை.

மறுநாள் பையனைப் பெற்றவர்கள் மட்டும் வந்த கார் மலை ஏறிக் கம்பம்மெட்டில் நின்றது. பையனின் அம்மா பெயர் தெய்வானை. உயரம், நெற்றி நிறையத் திருநீறு, கையில் குடை. அவருடைய வீட்டுக்காரர் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் பேச்சை மனைவியிடம் ஒப்படைத்துவிட்டார். அந்த அம்மாவை முன்னால் என் பக்கத்தில் உட்காரவைத்தேன். பின் இருக்கையில் அவருடைய வீட்டுக்காரரும் என் மனைவி பேச்சியம்மாளும்.

"ஏறிட்டீங்களா சம்பந்தியம்மா?"

"ஏறியாச்சுங்க" என்றார். சம்பந்தி என்ற சொல் அந்தப் பக்கத்திலிருந்து வரவில்லை. கவனித்துக்கொண்டேன்.

ஜங்ஷனைத் தாண்டினால் மலைமுகட்டில் கொஞ்ச தூரம் புதுத் தார் ரோடு. மழை விட்டு, வெயிலில் காய்ந்து, தட்டு மாதிரி மட்டமாகக் கிடந்தது. வண்டியை நிறுத்தி, திருகை எல்லுக்குத் திருப்பினேன். அடியில் 'டக்' என்று ஒரு சத்தம். "இனிமே பாருங்க" என்று மிதித்தேன்.

வண்டி அலறியது. போகவில்லை, அலறியது. ஒவ்வொரு கியராக மாற்றினேன். சத்தம் ஏறியதே தவிர வேகம் ஏறவில்லை. வளைவில் ஸ்டீயரிங் என் கையோடு மல்லுக்கு நின்றது. டயர்கள் கிறீச்சிட்டன. கருகின வாடை வந்தது.

"ஏனுங்க, வண்டி இப்புடி ஊளையிடுதுங்களே?"

"நாலு வீலும் சேர்ந்து இழுக்குல்லா? சத்தம் வரத்தான் செய்யும்."

எங்களை ஒரு ஆட்டோ முந்தியது. பிறகு பழைய ஸ்கூட்டரில், பெட்டி நிறைய மீனோடு ஒரு மலையாளி முந்தினான். முந்தும்போது என் ஜன்னலோரம் வந்து, "சேட்டா, லோயிலா! லோயிலா!" என்று கத்தினான்.

"என்னங்க சொல்றாரு?"

"அயிலைமீன் விக்கான்" என்றேன். "வேண்டாம்ப்பா!" என்று அவனுக்கும் கை காட்டினேன். அவன் தலையில் அடித்துக்கொண்டு போனான். தெய்வானையம்மா அவன் போன திசையை யோசனையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

தார் ரோடு முடிந்தது. அங்கிருந்து வீடுவரை இறக்கம். மரநிழலில் வெயில் படாத செம்மண், காலை மழையில் ஊறி வெண்ணெயாகக் கிடந்தது. வலது பக்கம் பள்ளம். வண்டியை நிறுத்தித் திருகை எச்சுக்கு மாற்றினேன். "ஹில் வந்தாச்சு. பயப்படாதீங்க, நாலு சக்கரமும் புடிச்சுக்கிடும்."

பேச்சியம்மாள் பின்னாலிருந்து, "என்னங்க, மெதுவாப் போங்க" என்றாள். மெதுவாகப் போனால் அந்த அம்மாவுக்கு மலை மேல் பயம் அதிகமாகும். கெத்தாகப் போனால்தான் தெளியும் என்பது என் கணக்கு. மூன்றாம் கியரில், முள் நாற்பதைத் தொட, இறங்கினேன்.

முதல் வளைவுக்கு முன்னால் பிரேக்கை மிதித்தேன்.

சக்கரங்கள் நின்றுவிட்டன. வண்டி நிற்கவில்லை. ஸ்டீயரிங்கை இடது பக்கம் ஒடித்தேன். வண்டி வலது பக்கமே போனது. சத்தம்கூட இல்லை. சேற்றில் சறுக்குகிற வண்டிக்குச் சத்தம் கிடையாது என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். பள்ளம் கண்ணாடிக்குள் வந்தது. 'ணங்' என்று எதிலோ இடித்து, சாய்ந்து நின்றது.

பாதையோரம் பாதி புதைந்திருந்த ஒரு பாறை. முன் வலது சக்கரத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவில் அது மட்டும்தான். என் ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தேன். சில்வர் ஓக் மரங்களின் உச்சி தெரிந்தது. மரத்தின் உச்சியை மேலிருந்து பார்க்கிற இடத்தில் மனிதன் உட்காரக் கூடாது.

பேச்சியம்மாள் குலதெய்வத்தைக் கூப்பிட்டாள். நான் பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டிருந்தேன். கவிதாவின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. நாங்கள் பிழைத்தாலும் அவள் கல்யாணம் பிழைக்காது என்று தோன்றியது.

தெய்வானையம்மா குரலை உயர்த்தவே இல்லை. "பிரேக்குல இருந்து காலை எடுத்துராதீங்க. மாமா, நீங்க எறங்கி முன்சக்கரத்துக்கு அண்டக் கல்லு வெய்யுங்க."

அவருடைய வீட்டுக்காரர் இடது பக்கமாக இறங்கினார். கொஞ்ச நேரத்தில், "வெச்சாச்சு" என்று குரல் வந்தது. அன்று அவர் பேசிய முதல் சொல் அதுதான்.

"இப்பச் சொல்லுங்க. அந்த எல்லுன்னு போட்டிருக்குதே, அது என்னங்க?"

"லெவல்."

"எச்சு?"

"ஹில்." என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அந்த அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். "எங்கூட்டு டிராக்டர்லயும் இதே எழுத்துத்தானுங்க இருக்குது. எச்சுன்னா ஹை, எல்லுன்னா லோ. சேத்து வயல்ல எறங்கறப்ப லோவுல போட்டு எறங்குவோம். ரோட்டுல போறப்ப யாராச்சும் லோ போடுவாங்களா? அந்த மீன்காரர் அயிலையா வித்தாரு? லோயில இருக்குதுன்னு சொல்லிட்டுப் போனாருங்க!"

பின்னால் பேச்சியம்மாள் சாமியைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டு, "அயிலைன்னாரே!" என்றாள். அந்த நிலைமையிலும்.

"நாலும் சேந்து இழுக்குமுங்க. நாலும் சேந்து நிக்கும்னு ஆரு சொன்னா? வழுக்கற எடத்துல ரெண்டு சக்கரமும் வழுக்கும், நாலு சக்கரமும் வழுக்கும். வேகத்தக் கொறைக்கறது உங்க கால்லதான் இருக்குது. எல்லுல போடுங்க. மெல்லமா ரிவர்ஸ் எடுங்க."

போட்டேன். அடியில் மறுபடியும் அந்த 'டக்'. கிளச்சை விட்டேன். வண்டி ஒரு மூச்சு திணறியது. பின்சக்கரம் ஒரு சுற்று வழுக்கியபோது என் உயிரும் கூடவே ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. பிறகு நாலும் மண்ணைக் கவ்வின. அங்குலம் அங்குலமாகப் பாறையை விட்டுப் பின்வாங்கிப் பாதை நடுவுக்கு வந்தது. வீட்டுக்காரர் கல்லை எடுத்துப்போட்டார்.

தெய்வானையம்மா குடையோடு இறங்கினார். பேச்சியம்மாளையும் இறக்கிவிட்டார். "நாங்க மேட்டோரமா நடக்கறமுங்க. ஒண்ணாங்கியர்ல வாங்க. கிளச்சுலயும் காலை வெக்காதீங்க, பிரேக்குலயும் வெக்காதீங்க, இஞ்சினே புடிச்சுக்கும். என்னைய முந்தப்படாது."

முந்தவில்லை. ஓரத்து மேட்டில் அவர் குடையை ஊன்றி நடக்க, கீழே பாதையில் என் வண்டி உறுமியபடி சாமி ஊர்வலம் போல ஊர்ந்தது. தோட்டத்தில் ஏலக்காய் பறித்துக்கொண்டிருந்த பெண்கள், முதலாளியின் வண்டியைக் குடை ஒன்று கூட்டிக்கொண்டு போவதை நிமிர்ந்து நின்று பார்த்தார்கள். அன்று என் கடைப் பையன்கள் யாரும் அங்கே இல்லாதது கடவுள் கிருபை.

வீட்டு வாசலில் கவிதா நின்றாள். நடந்து வந்தவர்களுக்கு முழங்கால் வரைக்கும் சேறு. என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் பாதி புரிந்துவிட்டது.

தெய்வானையம்மா கை கால் கழுவி, நாற்காலியில் உட்கார்ந்து, ஏலக்காய் டீயை ஊதி ஊதிக் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார்.

"கண்ணு, நீ வண்டி ஓட்டுவியா?"

"ஓட்டுவேன்."

"அப்பன் வண்டியையும்?"

"ஓட்டியிருக்கேன்."

"அதுல எல்லுன்னு ஒரு எழுத்து இருக்குதே, அப்புடின்னா என்ன?"

எனக்கு வியர்த்துவிட்டது. அவளுக்கு ஏபிசிடி சொல்லிக்கொடுத்ததே நான்தான். கதவுக்குப் பின்னாலிருந்து 'லோ' என்று வாயசைத்துப் பார்த்தேன்; பேச்சியம்மாள் என் தோளைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

கவிதா ஒன்றும் விளங்காமல் விழித்தாள். "லோதானே அத்தை? சேத்துல, செங்குத்தா எறங்கும்போது போடறது. காஞ்ச ரோட்டுல நாலு வீலே போடக் கூடாது. ஏன், என்னாச்சு?"

அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"சம்பந்தி, வழியப் பத்தி எனக்கு இப்பப் பயமில்லீங்க. இனி வரப் போக உங்க புள்ளையே ஓட்டட்டும். நாள் பாத்துருங்க."

இப்போது நான் சேறு என்றால் எல், ஈர மண் என்றால் நாலு சக்கர எச் போட்டு நிதானமாக, காய்ந்த தார் என்றால் இரண்டே சக்கரம் என்றுதான் ஓட்டுகிறேன். நல்லேப்பிள்ளிக்குப் போனால் வயலோர ரோட்டில் சம்பந்தியம்மா வாசலிலேயே நிற்பார். "இங்க பூராம் லெவலுங்க சம்பந்தி, எல்லுப் போட்டுட்டு வாங்க!" என்று தெருவே கேட்கக் கூப்பிடுவார்.

அதோடு விட்டாரா? போன மாதம் கவிதாவின் மகள், என் பேத்தி, நர்சரியில், எச் ஃபார் ஹில், எல் ஃபார் லெவல் என்று ஒப்பித்திருக்கிறாள். சொல்லிக்கொடுத்தது அந்தப் பாட்டிதான். டீச்சர் கேட்டுவிட்டு, வெரி குட் என்று கையில் நட்சத்திரம் வரைந்து அனுப்பியிருக்கிறார்.

வீடே விழுந்து விழுந்து சிரிக்கிறது. நான் சிரிக்கவில்லை. படித்த டீச்சரே சரி என்று சொல்லியாகிவிட்டது. ஆக, என் இங்கிலீஷில் பிழை இல்லை. பிழை வண்டியில்தான் இருந்திருக்கிறது.