இன்ஸ்பெக்டர் டன்வுடியின் திருத்தணிக் கிளை

இந்த உலகத்தில் நீதி இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறதென்றால் அதற்கு இரண்டே பேர்தான் காரணம். ஒருவர் ஆஸ்திரேலியாவின் இன்ஸ்பெக்டர் டன்வுடி. ஏழு துப்பறியும் நாவல்களில் வாழ்பவர். மற்றவர் திருத்தணி ஜவுளிக்கடை பக்தவச்சலம். அந்த ஏழு நாவலையும் படித்தவர்.

யுத்தம் நடந்தபோது அரக்கோணம் ஜங்ஷனில் ஓர் ஆஸ்திரேலியச் சிப்பாய் ஒரு சீப்பு வாழைப்பழத்துக்குப் பதிலாக அந்தப் புத்தகங்களை ரயில் ஜன்னல் வழியே நீட்டினான். அன்றிலிருந்து பக்தவச்சலம் பழைய பக்தவச்சலம் இல்லை. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு படித்தார். பாதி புரிந்தது. புரியாத பாதி இன்னும் உயர்வாக இருக்கும் என்று நம்பினார். நூறு மைலுக்கு ஒரு மனிதன்கூடத் தென்படாத பாலைவனத்தில் புத்தகத்துக்கு ஐந்து கொலை நடக்கிறதே, அந்த நாட்டு மக்களின் சுறுசுறுப்பை நினைத்து அவருக்குக் கண் கலங்கும். மணலில் பதிந்த ஒரே ஒரு காலடியைப் பார்த்துக் கொலைகாரனின் மாமியார் வரைக்கும் டன்வுடி சொல்லிவிடுவார்.

‘டன்வுடி ரசிகர் சபை’ பிறந்தது. அவரே தலைவர். 1946-ல் அதன் முதல் ஆண்டு விழா. அன்று காலையில் கே.ஜி.கண்டிகை குப்பம்மாள் கடை வாசலில் வந்து நின்றாள்.

“சாமி, மலைச் சரிவுல மேஞ்சிகினு இருந்த என் செம்மறிய காணோம். எனுக்கு இருக்கிறதே அது ஒண்ணுதான் சாமி.”

பக்தவச்சலத்துக்குப் புல்லரித்தது. ஆஸ்திரேலியா என்றாலே செம்மறிதான். டன்வுடியே தன்னைப் பெயர் சொல்லி அழைத்தது போலிருந்தது. துணி அளக்கும் கஜக்கோலை எடுத்துக்கொண்டு புறப்பட்டார்.

சரிவில் ஈர மண்ணில் ஒரு காலடி. குனிந்தார், அளந்தார். “சுண்டுவிரல் இல்லே. யாரு இது?”

“நம்ம யோபுங்க. கிணறு வெட்டும்போது வெரலு போச்சு. காலைலேருந்து எங்கூட ஆட்டத் தேடிகினு கீறான்.”

“அவன்மேல உனக்குச் சந்தேகம் உண்டா?”

“அய்யோ, தங்கமான புள்ளைங்க!”

“துளிகூட இல்லே?”

“இல்லீங்க.”

“அப்ப அவனேதான்.” ஏழு புத்தகத்திலும் யார்மேல் சந்தேகமே வரவில்லையோ அவன்தானே குற்றவாளி!

கடை ஆட்கள் இருவர் மூட்டைக் கயிற்றால் யோபுவின் கையைப் பின்னால் கட்டினார்கள். போலீசிடம் உடனே ஒப்படைக்கவில்லை. எல்லோரையும் ஓரிடத்தில் கூட்டிவைத்து உண்மையை வெளியிடுவதுதான் டன்வுடியின் ‘முறை’. ஆகவே சாயங்காலம் ஆண்டு விழாவில் யோபு ஒரு மூலையில் நிறுத்தப்பட்டான்.

“ஏழைங்க. கூட வந்து தேடுனது தப்பாங்க?” என்றான்.

“குற்றவாளிகள் எல்லோரும் கூட வந்துதான் தேடுவார்கள். மூன்றாம் புத்தகம்!” என்று பக்தவச்சலம் முழங்கினார். கைதட்டல் ஓயவில்லை. “இவன்தான் ஆட்டை—”

“ம்மே!” என்றது மேடைத் திரை.

“எம் ஆடுங்க அது!” குப்பம்மாள் பாய்ந்துபோய்த் திரையை இழுத்தாள். கழுத்தில் சம்பங்கி மாலையோடு நின்ற செம்மறி, மாலையின் கீழ்ப்பாதியை மென்றுகொண்டிருந்தது.

எல்லோரும் மேடையை அலங்கரித்த காரியதரிசி ராஜவேலுவைப் பார்த்தார்கள். அவர் எழுந்து பக்தவச்சலத்தின் பக்கம் திரும்பினார். “நீங்கதானங்க நேத்து சொன்னீங்க? மேடைக்கு ஆஸ்திரேலியா களை வேணும், கங்காரு கிடைக்கலன்னா ஒரு செம்மறியாச்சும் கொணாந்து நிறுத்துன்னு. சரிவுல ஒண்ணு சும்மா மேஞ்சிகினு இருந்துச்சு. ஓட்டியாந்துட்டேன்.”

பக்தவச்சலம் மனசுக்குள் பக்கங்களைப் புரட்டினார். ஏழு புத்தகத்திலும் இப்படி ஒரு கட்டம் வரவில்லை.

“அப்ப திருடுனது நீங்கதானா சாமி?” என்றாள் குப்பம்மாள்.

அவருக்குச் சட்டென்று முகம் மலர்ந்தது. “குப்பம்மா, காலையில என்மேல உனக்குச் சந்தேகம் இருந்துச்சா?”

“சத்தியமா இல்லீங்க. அதனாலதான உங்ககிட்ட வந்தேன்.”

“பார்த்தீர்களா!” என்று சபையை நோக்கிக் கை விரித்தார். “யார்மேல் சந்தேகமே இல்லையோ அவன்தான்! முறை பொய்க்கவில்லை!”

கூரை அதிர்ந்தது. சிலர் எழுந்து நின்று தட்டினார்கள்.

“யோபுவ அவுத்து வுடுங்க,” என்றாள் குப்பம்மாள்.

“தீர்மானம் முடியட்டும்மா,” என்று ராஜவேலு குறிப்பேட்டைப் பிரித்தார். காணாமற்போன ஆட்டை ஒரே பகலில் கண்டுபிடித்த தலைவருக்குச் சபை நன்றி தெரிவிக்கிறது. ஆதரிப்பவர்கள் கை தூக்கவும்.

கைகள் உயர்ந்தன. பக்தவச்சலம் பூரிப்போடு கணக்கெடுத்தார். மூலையில் ஒருவன் மட்டும் கை தூக்கவில்லை. அவருக்கு மனம் நொந்தது.

“ஏன்டா யோபு, நீ மட்டும் ஆதரிக்க மாட்டியா?”

“ஆதரிக்கிறேங்க,” என்றான் யோபு. “கையத்தான் பின்னால கட்டி வெச்சிகினு கீறீங்களே.”

ராஜவேலு குனிந்து எழுதினார்: ‘ஏகமனதாக.’