நிரந்தரச் செவ்வாய்க்கிழமை

பரீட்சை எழுதுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். பரீட்சை வைக்கிறவர்களையும் பார்த்திருப்பீர்கள். பரீட்சை மண்டபத்தைப் பெருக்கி, மேஜையைத் துடைத்து, ஜன்னலைச் சாத்தி, காற்று வேகமாக அடித்தால் கேள்வித்தாள் பறக்குமே என்று கவலைப்பட்டு, கடைசியில் யாரையும் உள்ளே விடாமலே எல்லோரும் பாஸ் என்று அறிவித்துவிடுகிற மூன்றாவது இனம் ஒன்று உண்டு. கணினிக் கம்பெனிகளில் அதற்குப் பெயர் சோதனைச் சூழல் அமைப்பவர். எங்கள் கம்பெனியில் அப்படி யாருமில்லை என்று ஒருவர் சொன்னால், சொல்கிறவரைச் சற்று உற்றுப் பாருங்கள்.

பனி கொட்டும் வடதேசத்துத் தம்பெரே நகரத்து இல்போ இந்த இனத்தில் நல்ல வார்ப்பு. ஆறு பேர் வேலை செய்யும் அவருடைய கம்பெனி, அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு ஒரு வலைத்தளம் செய்துகொண்டிருந்தது. கீழ்த்தளத்து சவுனாவில் வீட்டுக்கு வாரம் ஒரு மணி நேரம் வெந்நீராவிக் குளியல். யாருக்கு எந்த நேரம் என்பது அதுவரை கதவில் ஒட்டிய காகிதத்தில் பென்சிலால் எழுதப்பட்டிருந்தது. இனி போனில் பதிந்துகொள்ளலாம். நாற்பது கட்டடங்களை நிர்வகிக்கும் ரைலி அம்மையார் பேச்சைச் சுருக்கமாக முடித்தார்: முதலில் ஒரே ஒரு கட்டடம், சரியாக ஓடினால் மற்ற முப்பத்தொன்பதும், இல்லையென்றால் பென்சில். அந்த ஒரு கட்டடம் இல்போ குடியிருக்கும் கட்டடம். ஒன்பது வருடம் காத்திருந்து, மூன்றாம் மாடிக்காரர் ஊர் மாறிப் போன பிறகு, வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணி என்கிற பொன்னான நேரம் அப்போதுதான் அவர் கைக்கு வந்திருந்தது. அதை அவர் சம்பள உயர்வைவிடப் பெரிதாக நினைத்தார். அந்த ஊரில் யார்தான் நினைக்க மாட்டார்கள்?

ஒப்படைக்கும் முன் வாடிக்கையாளர் கேட்டதெல்லாம் கேட்டபடி நடக்கிறதா என்று பார்க்க வேண்டுமல்லவா? மனிதர் பார்த்தால் சலித்துப்போகும். அதனால் ஒரு கணினி நிரலே குடித்தனக்காரர் வேஷம் போட்டு, வலைத்தளத்துக்குள் போய், நேரத்தைத் தேர்ந்து, பொத்தானை அழுத்தி, சரியென்றால் பச்சையும் தவறென்றால் சிவப்பும் காட்டும். அது ஓடுவதற்கென்று தனியாக ஒரு சர்வர் கணினி, அதற்குள் ஒரு போலிக் கட்டடம், இரண்டு போலிக் குடித்தனங்கள். இதுதான் சூழல். இதை அமைக்க இல்போ இரண்டு நாள் கேட்டார். ஐந்து வாரம் ஆயிற்று.

முதல் வாரம் எல்லாம் சிவப்பு. அவர் கலங்கவில்லை. இந்த இனத்துக்கென்று ஒரு மந்திரம் இருக்கிறது: கோளாறு தளத்தில் இல்லை, சூழலில். ஆகவே சூழலைத் திருத்தினார். வார இறுதி வந்தால் சிவப்பு விழுந்தது. சூழலின் கடிகாரத்தைச் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணியில் நிறுத்திவைத்தார். போலிக் குடித்தனங்கள் இரண்டும் ஒரே நேரத்துக்குப் பதிந்தால் சிவப்பு விழுந்தது. இரண்டாவது குடித்தனத்தைக் காலி செய்தார். ஆறு மாடிப் போலிக் கட்டடத்தில் டெஸ்டினென் என்ற ஒற்றைப் பிரம்மச்சாரி மிஞ்சினார். அப்படியும் சில நாள் சிவப்பு எட்டிப்பார்த்தது. மூன்று தடவை ஓட்டி ஒரு தடவை பச்சை வந்தால் பச்சை என்று சட்டம் போட்டார். செவ்வாய் வெறும்வாய் என்பார்கள் நம் பக்கத்தில். இல்போவுக்கு அந்தச் செவ்வாய் வாரி வாரிக் கொடுத்தது: இருநூற்றுப் பன்னிரண்டு சோதனை, அத்தனையும் பச்சை.

பக்கத்து மேஜை ஹென்னா, தளத்தை எழுதியவள், காப்பிக் கோப்பையோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏம்ப்பா, ரெண்டு பேர் ஒரே நேரத்துல அமுக்கினா என்ன ஆகும்னு பாத்தியா?"

"சூழல் முழுசா தயாராகட்டும், பாத்துக்கலாம்."

"உன் கட்டடத்துல ஒரே ஆளுதானே இருக்கான். அவன் யார்கூட சண்டை போடுவான்?"

இல்போவுக்குச் சுருக்கென்றது. ஆனால் திரை பச்சையாக இருந்தது. பச்சையைப் பார்த்த கண்ணுக்கு வேறெதுவும் தெரிவதில்லை.

வியாழக்கிழமை ரைலி வந்தார். ஏலக்காய் பன்னும் காப்பியும் வைத்து, பெரிய திரையில் பச்சைக் கோடுகளை ஓடவிட்டார்கள். ரைலி இரண்டு பன் சாப்பிட்டார், ஒரு கேள்வியும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார். சவுனா கதவில் இருந்த காகிதத்தை அன்று மாலையே கிழித்தார்கள்; குடித்தனக்காரர்கள் போனில் நேரம் பதியத் தொடங்கினார்கள்.

மறுநாள் மாலை ஆறு. இல்போ குளியல் அங்கியும் தோளில் துண்டுமாகக் கீழ்த்தளத்துக்கு இறங்கினார். சவுனா வாசலில் அதே அங்கி, அதே துண்டு, பக்கத்தில் மனைவியுமாக எதிர்வீட்டு உர்ஹோ நின்றிருந்தார், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். ஒன்பது வருடத்தில் இருவரும் பேசியது மொத்தம் நாலு வாக்கியம். மூன்று பனியைப் பற்றி. உர்ஹோ போனை நீட்டினார்.

"எனக்குப் பச்சை காட்டுதுங்க."

இல்போவும் தன் போனைப் பார்த்தார். அதுவும் பச்சை. மாடிப்படியில் மூன்றாவதாக ஒரு குடும்பம் செருப்புச் சத்தத்தோடு இறங்கி வந்துகொண்டிருந்தது. அவருக்குக் காது மடல் சிவந்தது; ஐந்து வாரத்தில் அவர் மறைக்க முடியாமல் போன முதல் சிவப்பு அது. வாங்க, நீங்க குளிங்க என்று முனகிவிட்டு, அங்கியை இழுத்துப் போர்த்திக்கொண்டு படியேறினார்.

திங்கட்கிழமை காலை கதவில் மறுபடி காகிதம், மறுபடி பென்சில். மற்ற முப்பத்தொன்பது கட்டடங்களிலும் பென்சில் இடத்தைவிட்டு அசையவே இல்லை. இல்போ பட்டியலில் வெள்ளிக்கிழமை ஆறு மணியைத் தேடினார். உர்ஹோ என்று இருந்தது. விரலை வைத்துத் தடவிக்கொண்டே போய்த் தன் பெயரைக் கண்டதும் ரைலிக்குப் போன் போட்டார்.

"ஹென்னாகிட்ட எல்லாம் விசாரிச்சேன், இல்போ," என்றார் ரைலி, கோபமே இல்லாமல். "செவ்வாய்க்கிழமை காலைல பத்து மணின்னா உங்களுக்கு எல்லாமே சரியா நடக்குதாமே. அதான், அந்த நேரத்தையே எழுதிட்டேன்."

இப்போது செவ்வாய்தோறும் பத்து மணிக்கு, ஊரே வேலையில் இருக்கும்போது, இல்போ அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டுத் தன்னந்தனியாகக் குளிக்கிறார். ஒரு தகராறும் இல்லை.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போன வாரம் உங்கள் வீட்டில் எடை பார்க்கும் மெஷினில் ஏறி, வந்த எண் பிடிக்காமல் இறங்கி, மெஷினை ஜன்னலோரமாக நகர்த்தி வைத்து, மூன்று தடவை ஏறி நின்று, அதில் குறைந்ததை மட்டும் வீட்டில் சொன்னது யார்? தரை சமமாக இல்லை, அதனால்தான் நகர்த்தினீர்கள், எனக்குத் தெரியும். இல்போவும் அதையேதான் சொன்னார்.