வராத வயருக்குக் காத்திருந்த பெட்டி

இன்று பொழுதுபடுவதற்குள் இந்தப் பெட்டியைத் திருத்தாவிட்டால் என் பெயர் செல்வநாயகம் இல்லை என்று மனைவி இராசமலரிடம் சபதம் போட்டேன். அவள் நல்லதென்று சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்கப் போனாள். நம்பவில்லை என்று அர்த்தம்.

பெட்டி என்றால் உள்ளங்கையளவு லினக்ஸ் கம்பியூட்டர். கனடாவிலிருக்கும் மகன் பிரகலாதன் போன முறை மானிப்பாய்க்கு வந்தபோது டிவியோடு பொருத்திவிட்டுப் போனது. நல்ல பெட்டிதான். ஆனால் போட்டதும் இன்டர்நெற் வராது. இரண்டு நிமிஷம் கல்லுப்பிள்ளையார் மாதிரி இருக்கும்.

மறுநாள் வல்வெட்டித்துறையில் இராசமலரின் தங்கை மகனுக்குப் பொன்னுருக்கல். தாலிக்குப் பொன் உருக்குகிற சடங்கு. வெளிநாட்டுச் சொந்தங்களுக்காக நேரலையும் உண்டு. தட்டிலிருக்கும் பொன்னை எடுத்து ஆசாரியிடம் கொடுப்பது, குடும்பத்தில் மூத்தவனான நான். நான் போகாமல் அங்கே ஒன்றும் தொடங்காது. ஆகவே நான் எதற்கும் அவசரப்படுவதில்லை. வேட்டியை மூன்று தரம் அவிழ்த்துக் கட்டுவேன். போன விசேஷத்துக்கு நல்ல நேரம் முடிய நாலு நிமிஷம் இருக்கையில் போய் இறங்கினேன். சபை முழுக்கப் படலை வாசலுக்கு வந்து நின்றது. என்ன கண்கொள்ளாக் காட்சி! இராசமலர்தான் மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை.

பெட்டிக்கு வருவோம். முதலில் ரவுட்டரைக் குற்றம் சாட்டி இடம் மாற்றினேன். பிறகு சுவரைக் குற்றம் சாட்டினேன். கடைசியில், தொடங்கும்போது எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் போகிறது என்று பெட்டியிடமே பட்டியல் கேட்டேன். கள்ளன் அகப்பட்டான். ஒரு வரி எழுதினேன். பெட்டியை நிறுத்தித் திரும்பப் போட்டேன். ஒன்பது செக்கன்!

இராசமலரைக் கூப்பிட்டு விளக்கினேன்.

"இஞ்சரும், வைஃபை ஆயத்தமா நிக்குது. உந்தப் பெட்டியார் அதைக் கவனிக்கேல்லை. பின்னாலை இன்டர்நெற் வயர் குத்திற ஓட்டை ஒண்டு இருக்கு. அதிலை வயர் வரும் எண்டு ரண்டு நிமிஷமாப் பாத்துக்கொண்டு நிக்கிறார்."

"நாங்கள் வயரே குத்தேல்லையே?"

"அதுதான். வராத ஆளுக்காக வந்த ஆளையும் காக்க வைக்கிறார். ஆரெண்டாலும் ஒராள் வந்தால் காணும், மற்ற ஆளுக்கு நிக்காமல் துவங்கு எண்டு எழுதிவிட்டன்."

"பேந்து வயர் வந்தால்?"

"வந்து சேர்ந்துகொள்ளட்டும்."

"அதுக்கு மரியாதைக் குறைவில்லையோ?"

"நேரத்துக்கு வராததுக்கு என்ன மரியாதை?"

இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள். சொன்னேன். முப்பது வருஷத்தில் என் பேச்சை அவள் இரண்டு தரம் கேட்டது அன்றுதான். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் ஏழரைக்கு ஓட்டோ வரும் என்றாள். ஏழரைக்குச் சவரம் தொடங்கினேன். ஓட்டோ வந்த சத்தம் கேட்டது. நிற்கட்டும் என்று மீசையைக் கவனித்தேன். வேட்டி கட்டி, சால்வை மடித்து, எட்டரைக்கு வாசலுக்கு வந்தால் ஓட்டோவும் இல்லை, இராசமலரும் இல்லை. போன் அடித்தது.

"இஞ்சருங்கோ, நான் வந்து சேர்ந்திட்டன். ஒன்பது பத்துக்கு நல்ல நேரம். ஒராள் வந்தால் காணும்தானே? நீங்கள் ஆறுதலா வந்து சேர்ந்துகொள்ளுங்கோ."

பஸ்ஸில் போனால் பத்தரை ஆகும். ஆனாலும் நான் கலங்கவில்லை. மூத்தவன் இல்லாமல் எப்படித் தொடங்குவார்கள்? சபை முழுக்க வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்கிற அழகை நேரலையில் பார்க்கலாம் என்று கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, சரியாக ஒன்பது பத்துக்குப் பெட்டியைப் போட்டேன்.

இராசமலர் பொன்னை எடுத்து ஆசாரியிடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒன்பதே செக்கனில் இன்டர்நெற் வந்துவிட்டதால், நானில்லாமல் நடந்த சடங்கில் ஒரு நிமிஷத்தைக்கூட நான் தவறவிடவில்லை.