ஆரின் இடது தோள் என்றார்

இன்று எப்படியாவது லோவினாவோடு ஓர் ஆட்டம் ஆடியே தீருவது என்று, காலையில் பல் தேய்க்கும்போதே ஆரின் டட்டில் முடிவு கட்டிவிட்டார். சொந்தப் பெண்டாட்டியோடு ஆட இவ்வளவு பெரிய சபதமா என்று சிரிக்காதீர்கள். பதினாலு வருஷமாகச் சனிக்கிழமைதோறும் ஊர் மன்றத்து மேடையில் நின்று, ஜோடிகள் வரிசைகட்டி ஆடுகிற காண்ட்ரா ஆட்டத்துக்கு அடுத்த அடி என்ன என்று சொல்லுகிறவர் அவர். கீழே ஊரே ஆடும். தபால்காரர், பல் டாக்டர், பசுப்பண்ணைக்காரர் என்று ஆளாளுக்கு லோவினாவைச் சுழற்றுவார்கள். அவள் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிப்பாள். மேடை என்னவோ மூணு அடி உயரம்தான். ஆரினுக்கு அது முப்பது மைல். "எல்லாரும் ஜோடியைச் சுழற்றுங்க" என்று மைக்கில் அவரே சொல்லித் தொலைக்கவேண்டும்!

அதனால் ஒரு திட்டம் போட்டார். அன்றைக்குப் புது ஆட்கள் நிறையப் பேர். அவர்களுக்கு 'ஹே' சொல்லிக்கொடுப்பது. நாலு பேர் கை கோக்காமல், எட்டு எழுதுகிற மாதிரி ஒருவரையொருவர் பின்னிப் போகிற வித்தை அது. நடுவில் வலது தோள் உரச, ஓரத்தில் இடது தோள் உரசக் கடக்கவேண்டும். தேர்ந்தவர்களே திணறுவார்கள். இதைக் கோளாறாகச் சொன்னால் குழப்பம் வரும். குழப்பம் வந்தால் கமிட்டித் தலைவி பிரிசில்லா வேறு ஆளை மேடையேற்றுவாள். ஆரின் கீழே இறங்கி நேரே லோவினாவின் கையைப் பிடிப்பார்.

"நடுவுல இடது தோள்!" என்றார் ஆரின். "இல்லல்ல, அது ஓரத்துல! சரி விடுங்க, ஏதாவது ஒரு தோள்!"

மண்டையும் மண்டையும் மோதின. மூக்குக்கண்ணாடி ஒன்று பறந்தது.

"ஐயா, எனக்கு எதிர்ல செவுருதான் வருது!" என்று ஒரு நெட்டை ஆள் அலறினான்.

ஆரினுக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. அதற்குள் லோவினா விறுவிறுவென்று மேடையேறி மைக்கைப் பிடுங்கினாள்.

"செவுரு வந்தா வரட்டும்ப்பா. புல்லு வெட்டற மெஷினை வரிசைக் கடைசில எப்படித் திருப்புவே? அப்படியே ஒரு வட்டம் அடிச்சுத் திரும்பு. நடுவுல வலது, ஓரத்துல இடது. வழி தெரியலையா, நில்லு. ஏதாவது ஒரு முகம் எதிர்ல வரும். அதைப் பார்த்துச் சிரிச்சுட்டுத் தாண்டிப் போ. அவ்வளவுதான்!"

இரண்டே தடவை. கூடமே சடை பின்னின மாதிரி பின்னிக்கொண்டு போயிற்று. பிரிசில்லா கை தட்டினாள்.

"லோவினா, இன்னைக்கு நீயே சொல்லு. ஆரின் பாவம், கொஞ்சம் ஆடட்டும்!"

இறங்கினார் ஆரின். அவள் மேலே, அவர் கீழே. அந்த நெட்டை ஆளோடு மூணு ஆட்டம் ஆடினார். இரண்டு கால் விரலும் நசுங்கின.

இடைவேளைக்கு முன்னால் மேடையடிக்கு ஓடினார்.

"ஏங்க, வேணும்னுதானே தப்பாச் சொன்னீங்க?"

"யாரு, நானா?"

"நீங்க தூக்கத்துலயே வலது தோள், வலது தோள்னு சொல்ற ஆளு. பக்கத்துல படுக்கறவ நான்தானே?"

ஆரின் உடைந்துபோனார். "உன்னோட ஆடணும்னுதான் லோவினா. மேல நின்னு பார்த்துப் பார்த்து நொந்துட்டேன்."

லோவினா மைக்கைக் கீழே வைத்தாள். கண் கலங்கிவிட்டது.

"இடைவேளைக்கு முன்னாடி ஜோடியா மெல்லச் சுத்தற வால்ட்ஸ் வருமே, அதுக்கு மேடைலேந்து யாரும் அடி சொல்லவே வேண்டாமேங்க? ஒவ்வொரு சனிக்கிழமையும் நீங்க கூப்பிடுவீங்கன்னு, இப்ப நீங்க நிக்கற இதே இடத்துல வந்து நின்னேன். நீங்க குனிஞ்ச தலை நிமிராம அடுத்த ஆட்டத்துக்கு அடி எழுதின சீட்டை அடுக்கிட்டிருந்தீங்க."

பதினாலு வருஷம்! ஆரின் கையை நீட்டினார். "இப்போ கேக்கறேன். வர்றியா?"

"வராம என்ன? ஆனா நேரத்தோட கேக்கணும்ங்க." லோவினா மேடையிலிருந்து இறங்கினாள். எண்பத்திரண்டு வயசு எல்பெர்ட் கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, பல்லெல்லாம் தெரிய வந்துகொண்டிருந்தார். "இந்த வால்ட்ஸுக்கு அவர் காலைலயே போன் பண்ணிக் கேட்டுட்டாரு. நான் வர்றதுக்குள்ள அந்தச் சீட்டைக் கொஞ்சம் அடுக்கி வைங்க."