முன்னப்பின்ன சாரும் என் கறுப்புப் புள்ளிகளும்

தாம்பரம் ரயில் நிலையத்தில் மணி கேட்டவர்களை எல்லாம் நொந்துபோக வைத்த ஒரே மனிதர் முன்னப்பின்ன சார்தான்.

"எட்டு பன்னெண்டு. ரெண்டு நிமிஷம் முன்னப்பின்ன இருக்கும்."

"வண்டி பூட்ச்சா இல்லியா, அத்தச் சொல்லு சார்!" என்று கீரைக்காரம்மா கத்துவாள்.

சிட்லபாக்கத்தில் பெண் பார்க்கப் போன இடத்தில் வயதைக் கேட்டார்கள். "முப்பத்தொண்ணு. ஜாதகமும் ஸ்கூல் சர்ட்டிபிகேட்டும் ஒத்துப்போகலை. ஒரு வருஷம் முன்னப்பின்ன." சம்பந்தம் அதோடு முறிந்தது; கேசரியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் கடைசியில் நானும் அவரும் ஒரே லேபில் வேலை பார்த்தோம். புரதப் படிகத்துக்குள் எக்ஸ்-ரே விட்டால் ஃபிலிமில் கறுப்புப் புள்ளிகள் விழும். எது எவ்வளவு கறுப்பு என்பதை வைத்து, அணுக்கள் எங்கே இருக்கின்றன என்று அவர் கணக்குப் போடுவார். கறுப்பைக் கண்ணால் பார்த்து எண் போடுவது என்னைப் போன்ற உதவியாளர்களின் வேலை. ஒரே ஃபிலிமை இரண்டு பேர் தனித்தனியாக அளக்கவேண்டும். ஒருவர் நோட்டை ஒருவர் பார்க்கக்கூடாது.

நான் பார்த்தேன். எதிர் மேஜை ஸ்டெல்லா அக்கா சாப்பிடப் போகும்போதெல்லாம் அவர் நோட்டிலிருந்து அப்படியே எழுதினேன். அங்கங்கே கொஞ்சம் மாற்றி எழுதும் அளவுக்குக்கூட மூளை இல்லை.

"பிரமாதம்! வித்தியாசமே இல்லையே!" என்று லேபின் தலைவரான புரொபசர் பூரித்தார். என் தற்காலிக வேலை நிரந்தரமாகுமா என்று முடிவாகவேண்டிய வருஷம் அது. வீட்டில் சம்பாதிப்பவன் நான் ஒருவன்.

முன்னப்பின்ன சார் மட்டும் இரண்டு நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

"ஸ்டெல்லா நோட்டைப் பாத்து எழுதினியா?"

"எப்படி சார் தெரிஞ்சுது?"

"ரெண்டு மனுஷக் கண்ணு இவ்வளவு ஒத்துப்போகாதுப்பா. நீ ஏழுன்னா அவ எட்டும்பா. அந்த வித்தியாசத்தை வச்சுதான், நம்ம கணக்கை எவ்வளவு நம்பலாம்னே தெரியும். இப்ப வித்தியாசம் ஜீரோ. அதாவது நாம கடவுள்!"

"சரியாத்தானே சார் வந்திருக்கு..."

"தப்பாப் பாத்திருந்தாக்கூட எனக்கு உபயோகம். நீ பாக்கவே இல்லையேப்பா."

போச்சு வேலை என்று நின்றேன். அவர் நேராக புரொபசரிடம் போனார்.

"சார், இந்த அளவு எனக்குத் திருப்தியா இல்லை. மறுபடி எடுக்கணும்."

"கட்டுரை அனுப்பற நேரத்துல உனக்கு என்னய்யா புதுசா சந்தேகம்?"

அரைமணி நேரம் வாங்கிக் கட்டிக்கொண்டார். என் பெயர் அவர் வாயில் வரவேயில்லை.

மறுநாளிலிருந்து எல்லாவற்றையும் திரும்ப அளந்தேன். அவரும் பக்கத்தில் ஸ்டூல் போட்டுக்கொண்டு தனி நோட்டில் அளந்தார். "ஸ்டெல்லா, நீ, நான். மூணு பேர் பாத்தா இன்னும் நல்லதுதானே!"

வேலை நிரந்தரமானது.

என்னோடு தோளுரச உட்கார்ந்திருந்த அந்த இரண்டு மாதமும், மனுஷர் ஒரு தடவைகூட என் நோட்டுப் பக்கம் தலையைத் திருப்பவில்லை.