ஜானவாசக் காருக்குத் தடையுத்தரவு

சுதந்திர இந்தியாவின் குடிமகனுக்குக் கிடைத்த வரங்களில் தலையாயது, வழக்குத் தொடரும் வரம். அதன் மகிமை 1958ஆம் வருஷத்துக் கோடையில் ஒரு சனிக்கிழமை காலை, மல்லேஸ்வரத்தில் பூரணமாக விளங்கிற்று.

ஆஜரானவர்கள்: சாய்வு நாற்காலியில் வக்கீல் வெங்கடகிருஷ்ணன். அதை அவருக்கு விட்டுக்கொடுத்துவிட்டு மோடாவில், வீட்டுக்காரரும் வாதியுமான அனந்தபத்மநாபன், பொதுப்பணித் துறையில் ஓய்வு பெற்றவர். வாசல் பெஞ்சின் நுனியில் பிரதிவாதி ஓஸ்வால்ட், சிவாஜிநகர் மோட்டார் மெக்கானிக். சமையலறை வாசலில், உட்காராமல், வாதியின் மனைவி பாகீரதி அம்மாள். ஜன்னலோரம், காகிதமும் மைக்கூடுமாக அடியேன். வாதியின் கடிதங்களை எழுதுபவன், "தேதியும் இடமும் வலப்புற மூலையில்" என்று ஆம்பூர்ப் பள்ளிக்கூடத்தில் பிரம்பால் கற்றவன். கார் ஆஜராகவில்லை.

அது வாதி ஓஸ்வால்டிடம் ரிப்பேருக்கு விட்ட திறந்த கார். "வர்ற வெள்ளிக்கிழமை ரெடி சார்" என்று ஓஸ்வால்ட் பல வெள்ளிக்கிழமைகள் சொன்னதால் வழக்கு பிறந்தது. வக்கீல் அத்துடன் விடவில்லை. கார் சரியாகிவிட்டால் அது பழுதாயிருந்ததற்கு அத்தாட்சி ஏது? ஆகவே தீர்ப்பு வரும்வரை கார் 'உள்ளது உள்ளபடி' இருக்கவேண்டும், யாரும் ரிப்பேர் செய்யலாகாது என்று தடையுத்தரவு வாங்கினார். வாதி அன்று ஊருக்கெல்லாம் மைசூர்பாகு கொடுத்தார்.

"சாமான் மெட்ராஸ்லேர்ந்து வந்து ஆறு மாசமாச்சு சார்" என்றார் ஓஸ்வால்ட். "அரை மணி வேலை. போட்டா ஓடிப்பூடும்."

"தொட்டால் கோர்ட் அவமதிப்பு!" என்று வக்கீல் நிமிர்ந்தார். "நம்ம கேஸ் எவ்வளவு பலமாயிருக்கு, பாத்தேளா? நாளுக்கு நாள் தாமதம் ஏறிண்டே போறது!"

வாதி பெருமையுடன் தலையாட்டினார்.

"வெள்ளிக்கிழமை ஜானவாசம்" என்றாள் பாகீரதி அம்மாள். "மாப்பிள்ளையைத் திறந்த கார்ல ஊர்கோலம் அழைச்சிண்டு வரோம்னு சொன்னப்புறம்தான் சம்பந்தி தாம்பூலமே மாத்திண்டார். நம்ம பொண்ணு யசோதாவுக்கு ஏற்கெனவே ரெண்டு இடம் தட்டிப்போயாச்சு. கேஸை வாபஸ் வாங்குங்கோ."

"கோர்ட் கோடை விடுமுறை, மாமி. ஜூன்லே மனு போடலாம்."

"வேற காராவது பேசலாமே?" என்றார் வாதி.

"நல்ல முகூர்த்த நாள்!" என்றாள் அம்மாள். " ஊர்ல இருக்கற திறந்த காரெல்லாம் எவனோ பேசிண்டு போயிட்டான்."

ஓஸ்வால்ட் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான் லேட் பண்ணா கோர்ட்டுக்குப் போறீங்க. கோர்ட்டு லேட் பண்ணா எங்க சார் போவீங்க?"

ஆழ்ந்த சட்டப் பிரச்சினை.

"ஓஸ்வால்ட், தள்ளினா அது நகருமா?" என்றாள் பாகீரதி அம்மாள்.

"ஜோரா நகரும்மா. சக்கரமெல்லாம் ஃபஸ்ட் கிளாஸ். இஞ்சின் மட்டும்தான் கோர்ட்டு பிடியில கீது."

"ஊர்கோலம் நாதஸ்வரக்காரர் நடைக்குத்தானே போகப்போறது? அதுக்கு இஞ்சின் எதுக்கு? வக்கீல் சார், தள்றது ரிப்பேரா?"

வக்கீல் உத்தரவை இருமுறை படித்தார். "இல்லை. சட்டத்தில் இடமிருக்கு" என்று தீர்ப்பளித்தார்.

"அப்போ நீங்களும் தள்ள வரணும்."

"நானா? நான் வக்கீல், மாமி!"

"அதனாலதான் சொல்றேன்."

உடனே மைசூரிலிருக்கும் சம்பந்தி ஸ்ரீகண்டன் அவர்களுக்கு, தேதியும் இடமும் வலப்புற மூலையில் இட்டு, அம்மாள் சொல்லச் சொல்ல எழுதினேன்: "வாக்களித்தபடி திறந்த கார் வரும். மாப்பிள்ளை மட்டும் ஏறினால் உத்தமம். தோழர்கள் நடந்துவரக் கோருகிறோம். முன்னால் நாதஸ்வரம் செல்லும். பின்னால் எங்கள் வக்கீல் தள்ளுவார். கேஸ் போட்ட நாளிலிருந்து அவர் இந்தக் காரை நகர்த்தப்போவது இதுவே முதல் தடவை."

"கடைசி வாக்கியம் அவசியமா?" என்றார் வக்கீல்.

அதற்குள் உறையின் வாயை ஒட்டிவிட்டேன். ஓஸ்வால்ட் அதை வாங்கிக்கொண்டு சைக்கிளில் ஏறினார். தடையுத்தரவு ஏதும் இல்லாததால், போன சுருக்கில் தபாலில் சேர்த்துவிட்டு வந்தார்.